ஈரச்சாக்கும் என் வீட்டு முகப்பும்

மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் எத்தனையோ மேசன்மார் இருக்கிறார்கள். ஆனால் ஒரு சுவரைப் பச்சைக் குழந்தையைப்போல் போர்த்தி வைத்துப் பார்த்துக்கொண்டவர் ஈரச்சாக்கு ஒருவர்தான். மனிதர்களை அவர் அப்படிப் பார்த்துக்கொண்டதாக இதுவரை யாரும் சாட்சி சொன்னதில்லை. அவரால் கல்யாணம் குழம்பியவள் என்ற முறையில் நானும் சொல்ல மாட்டேன்.

அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டைக்கு மட்டும் தெரியும். எங்களுக்கு அவர் ஈரச்சாக்கு. நாற்பது வயதிருக்கும். நெடிய, மெலிந்த ஆள். வெயிலில் போகும்போது தலையில் நனைந்த சணல் சாக்கு ஒன்று, தோளில் ஒன்று, சைக்கிள் கரியரில் நாலைந்து. ரோட்டில் சொட்டியிருக்கும் தண்ணீரைப் பார்த்தே அவர் போன திசையைக் கண்டுபிடித்துவிடலாம். ஒருநாள் அவர் சாக்குக் கட்டோடு பஸ்ஸில் ஏறியபோது கொண்டக்டர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அண்ணன், மழைக் கோட்டோட பஸ்ஸில ஏறின ஆளக் கண்டிரிக்கன். மழையோட ஏறின ஆள இண்டைக்குத்தான் காணுறன்."

"இது மழையில்ல தம்பி. செவத்துக்குக் கொண்டு போற சாப்பாடு" என்றார் ஈரச்சாக்கு.

விஷயம் இதுதான். ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் பக்கம் கச்சான் காற்று அடிக்கும். மேற்கிலிருந்து காய்ந்த வயல்களைக் கடந்து வருகிற காற்று. கொடியில் போட்ட சீலை அரை மணித்தியாலத்தில் அப்பளம்போல் மொறுமொறுத்துவிடும். புதிதாகப் பூசிய சீமெந்தின் ஈரத்தை அது ஒரே மத்தியானத்தில் உறிஞ்சிக் குடித்துவிடும். சுவர் வெடிக்கும், ஒட்டிய கல் கழன்றுவிடும். அதனால் சுவரை ஏழு நாள் நனைத்து வைக்க வேண்டும். இது எல்லா மேசன்மாருக்கும் தெரியும். மற்றவர்கள் காலையும் மாலையும் ஒரு வாளித் தண்ணீரை விசிறிவிட்டுப் போய்விடுவார்கள். ஈரச்சாக்கு சுவர் முழுவதையும் நனைந்த சாக்கால் மூடிவிட்டு, அதன் முன்னால் ஏழு நாளும் காவல் நிற்பார். அதுவரைக்கும் யாரும் சாக்கின் ஓரத்தைத் தூக்கிப் பார்க்கக் கூடாது.

நகரத்தில் ஒரு துணிக்கடைக்கு முகப்பு வேலை செய்தார். திறப்பு விழா அன்று நாடா வெட்ட வந்த பெரிய மனிதர் காரிலிருந்து இறங்கிப் பார்க்கிறார்; கடையின் தூண் இரண்டும் சாக்குக்குள். கடை முதலாளி கெஞ்சினார், மிரட்டினார். "நாளைக்கு விடியத்தான் ஏழு நாள் முடியுது" என்றார் ஈரச்சாக்கு. வந்தவர் வேறு வழியில்லாமல் சாக்குக்கு முன்னால் நின்று, இந்த அழகிய கட்டடத்தைக் கண்டு தாம் பூரிப்படைவதாகப் பேசிவிட்டுப் போனார். படத்தில் அவர் தலைக்கு மேலே, சாக்கில் அச்சடித்திருந்த 'தவிடு' பெரிய எழுத்தில் விழுந்திருந்தது.

அவருடைய மனைவி ஒருமுறை கோபித்துக்கொண்டு கதிரவெளியிலிருக்கும் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது படலையில் நின்று தெருவுக்கே கேட்கச் சொன்னாள்: "செவத்துக்குத் தண்ணி குடுத்தாச்சா எண்டு நாளைக்குப் பத்துத்தரம் கேக்கிற மனிசன். எனக்கு விடாய்க்குதா எண்டு ஒருநாளும் கேக்கல்ல!" ஈரச்சாக்கு யோசித்துப் பார்த்துவிட்டு, "அவளுக்கு வாய் இரிக்கி, கேப்பாள். செவத்துக்கு ஏது வாய்?" என்றாராம். மனைவி திரும்பி வர நாலு மாதம் பிடித்தது.

இன்னொரு வழக்கமும் அவருக்கு இருந்தது. வேலைக்குக் கூப்பிட்டால் முதலில் காணி உறுதிப் பத்திரத்தைக் காட்டச் சொல்வார். ஒரு வீட்டில் மாமனார் சொன்னபடி முகப்புக்குக் கல் ஒட்டி, மருமகன் சொன்னபடி அதை உடைத்து, மாமியார் சொன்னபடி மறுபடியும் ஒட்டி, கடைசியில் மூன்று பேரிடமும் பேச்சு வாங்கினாராம். அன்றிலிருந்து உறுதியில் யாருடைய பெயர் இருக்கிறதோ, அந்த ஒருவருடைய வாயிலிருந்து வருவதை மட்டுமே கேட்பார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். தாய் வழியாக மகளுக்குப் போகும். மாப்பிள்ளை பெட்டியோடு வந்து குடியேறுவார். எனவே ஈரச்சாக்கு வேலை செய்யும் வீடுகளில் ஆண்கள் எல்லோரும் சற்று வாடிப்போய்த் திரிவார்கள்.

எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது மூன்று வருடங்களுக்கு முன்பு.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய் வாங்கில் உட்கார்ந்தவள் நான்தான் முதல். அப்பா வாவியில் வீச்சு வலை போடுகிறவர். அம்மா அறுவடைக் காலத்தில் வயல் வட்டைக்குப் போய் வேலை செய்தவர். இரண்டு பேரும் பெருவிரலால் கையெழுத்து வைப்பவர்கள். நான் கணித ஆசிரியை. இதைச் சொல்வதில் எனக்குப் பெருமைதான், மறைக்கத் தெரியாது. அம்மா என் பெயருக்கு எழுதித் தந்த காணியில், பழைய ஓலைக் குடிசை நின்ற இடத்தில், கல்வீடு எழும்பியது. ஓடு போட்டு, உள்ளே பூசி, தரையும் போட்டாயிற்று. முகப்பு மட்டும் மிச்சம். அப்போதுதான் அந்தச் சம்பந்தம் வந்தது.

மாப்பிள்ளை வங்கியில் வேலை. அமைதியானவர். தினமும் மத்தியானம் "சாப்பிட்டீங்களா?" என்று செய்தி அனுப்புவார். அந்த ஒரு சொல்லை எதிர்பார்த்து நான் ஆசிரியர் அறையில் டெலிபோனை மேசையில் மல்லாத்தி வைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். அந்தக் கல்யாணம் நடக்க வேண்டுமென்று நான் மெய்யாகவே ஆசைப்பட்டேன். சும்மா சொல்லக் கூடாது.

அவருடைய தாயார், நான் மாமி என்று கூப்பிடத் தொடங்கியிருந்தவர், வீட்டை ஒருமுறை வந்து பார்த்தார். பிறகு குரல் செய்திகள் வரத் தொடங்கின. முகப்பின் கீழ்ப்பாதிக்குக் கறுப்புக் கல். மேற்பாதிக்கு மரம்போலத் தோன்றும் வெள்ளைச் சீமெந்துப் பலகை. கூரை விளிம்புப் பலகைக்குப் பொன் நிறம். யன்னலைச் சுற்றிச் சீமெந்தில் பூ வேலை. ஒரு நாளில் பதின்மூன்று செய்தி வந்ததும் உண்டு. கடைசிச் செய்தியில் சொன்னார்:

"மகள், குறை நினைக்காதிங்க. ரோட்டால போறவன் பாத்தா இது டீச்சர்ர ஊடு எண்டு தெரியோணும். வலைக்காரன்ட ஊடு எண்டு தெரியப்படாது. அந்த வாசல்ல காயுற வலையையும் ஒருக்கா எடுத்துப் போட்டா நல்லம்."

அப்பா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வாசலில் கம்பில் தொங்கிய வலையைக் கழற்றி, சமையல் குசினிக்குப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டார். அது மீன் முள்ளும் பூனையும் திரிகிற இடம். நான் அதைப் பார்த்துக்கொண்டே, 'மாமி பழைய காலத்து ஆள்' என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். படித்தவர்களுக்கு விளக்கம் சொல்ல நன்றாக வரும்.

நகரத்துக் கட்டடச் சாமான் கடைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா சீமெந்துப் பலகையைத் தடவிப் பார்த்தார்.

"இது மரமாகா, சீமெந்தாகா?"

"மரம் மாதிரிச் சீமெந்து அம்மா."

"அப்ப மரத்தையே வாங்கினா என்னகா?"

"மரத்தக் கறையான் தின்னும்."

"மறுகா இது ஏன் மரம் மாதிரி இரிக்கணும்? கறையான ஏமாத்துறதுக்கா?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. "பேசாம இருங்கம்மா" என்று கடுகடுத்தேன். அதுவும் என் கணக்கில்தான் இருக்கிறது.

அடுத்த வாரம் ஈரச்சாக்கு வந்தார். உறுதியை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, எழுத்தெழுத்தாக என் பெயரைப் படித்தார். வகுப்பில் இடாப்புக் கூப்பிடுவதைப்போல் இருந்தது. "ஓம்" என்று எழுந்து நிற்காத குறைதான். பிறகு என்னை ரோட்டுக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார்.

"சொல்லுங்க டீச்சர். என்ன முகப்பு வேணும்?"

நான் டெலிபோனை நீட்டினேன். "மாப்பிள்ளை ஊட்டாக்கள் இந்தப் படத்த அனுப்பிரிக்காங்க."

"நான் அவங்கட ஊட்டையா கட்டுறன்? உறுதியில அவங்கட பேர் இல்லயே. உங்களுக்கு என்ன வேணும்?"

பத்தாம் வகுப்புக்குக் கேத்திர கணிதம் கற்பிக்கிறவள். தேற்றத்தை எந்தப் பக்கத்திலிருந்து கேட்டாலும் சொல்வேன். என் வீட்டுச் சுவருக்கு என்ன வேண்டுமென்று தெரியவில்லை. யார் பார்ப்பார்கள், பார்த்து என்ன சொல்வார்கள் என்பதற்கு மட்டும் விடைகள் தயாராக இருந்தன. இப்படி ஒருவர் நிறுத்தி வைத்துக் கேட்டதால் வந்த எரிச்சலில், "கறுப்புக் கல்லு. அதான் எனக்கும் விருப்பம்" என்றேன்.

"கச்சான் வெயிலுக்குக் கறுப்புக் கல்லு சுட்ட ஓடு மாதிரிக் கொதிக்கும்."

"கொதிக்கட்டும்."

"சரி. வாயால சொல்லிட்டீங்க" என்று சொல்லிவிட்டுச் சாந்து குழைக்கப் போய்விட்டார்.

இடப்பக்கத்துக் கல் வேலை மூன்று நாளில் முடிந்தது. முடிந்த கையோடு சாக்குகள் ஏறின. எங்கள் வீடு சுகமில்லாத ஆளைப்போல் போர்த்திக்கொண்டு நின்றது. அதன்மேல் அவர் மணிக்கொரு தரம் தண்ணீர் தெளித்தார். ஊறிய சணலும் பழைய தவிடும் சேர்ந்து ஒரு மணம். அதைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை.

முழு வேலையும் முடிந்த பிறகு வருவதாக இருந்த மாப்பிள்ளை வீட்டார், நல்ல நாள் என்று யாரோ சொன்னதால், முன்னறிவித்தல் இல்லாமல் சாக்குப் போட்ட நாலாம் நாளே வந்துவிட்டார்கள். ஒரு வான் வண்டி நிறைய ஆட்கள். இறங்கியவர்கள் அப்படியே ரோட்டில் நின்றுவிட்டார்கள். மாமி பட்டுச் சேலையின் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்ன மகள் இது? அரிசி ஆலையா?"

"கல்லு ஒட்டிரிக்கு மாமி. ஈரம் காயப்படாதெண்டு மூடிரிக்கு."

"அதத் துறந்து காட்டச் சொல்லுங்க. இவங்கெல்லாம் அதப் பாக்கத்தானே வந்திரிக்காங்க."

ஈரச்சாக்கு வாளியோடு முன்னால் வந்தார். "இன்னும் மூண்டு நாள் இரிக்கக்கா."

"நான் மாப்பிள்ளைட அம்மா."

"சந்தோசமக்கா. ஆனா சாக்கத் தூக்குறதெண்டா டீச்சர்தான் சொல்லோணும். ஊடு அவட பேர்ல."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பதினொரு பேர். மாப்பிள்ளையும் பார்த்தார். அம்மா கையைப் பிசைந்துகொண்டு, "தூக்கச் சொல்லுகா மகள்" என்று முணுமுணுத்தார். அப்பா குசினிப் பக்கம் போய்விட்டார். 'தூக்குங்க' என்றும் நான் சொல்லவில்லை. 'தூக்க வேண்டாம்' என்றும் சொல்லவில்லை. வாயைத் திறந்தேன், மூடினேன். வாவியிலிருந்து எடுத்துப் போட்ட மீன்கூட அதைவிடத் தெளிவாகப் பேசியிருக்கும்.

"இவ என்ன சொல்லுறது!" என்று மாமி நேராகப் போய்ச் சாக்கின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார்.

கல்லின் இடுக்குகளில் நிரப்பிய சாந்து சாக்கின் நாரைப் பிடித்திருந்தது. சாக்கு வந்தது. சாக்கோடு நாலு கறுப்புக் கல்லும் வந்தன. மூன்று மண்ணில் விழுந்தன. நாலாவது மாமியின் கால் பெருவிரலில் விழுந்தது.

மாமி போட்ட கூச்சலில் பக்கத்து வளவுக் கோழிகள் வேலியேறின. "அம்மாட கால்!" என்று மாப்பிள்ளை ஓடினார். ஈரச்சாக்கும் பதறி ஓடினார். பாய்ந்து குனிந்தார். மாமியின் காலடியில் கிடந்த கல்லை எடுத்து, உடுத்திருந்த சாரத்தில் துடைத்து, நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு நிம்மதியாக மூச்சு விட்டார்.

"நல்ல காலம். கல்லுக்கு ஒண்டுமில்ல."

அந்த நேரத்தில் சிரித்தது யார் என்று பிறகு பெரிய விசாரணை நடந்தது. நான்தான். பயத்தில் வந்த சிரிப்பு. அதை யாரும் நம்பவில்லை.

மாமி வானில் ஏறும்போது சொன்னதை முழுவதும் எழுத மாட்டேன். "எத்தினை கல்லு ஒட்டினாலும் வலைக்காரன்ட புத்தி போகாது" என்பது அதில் நல்ல பகுதி. மாப்பிள்ளை என்னைப் பார்க்கவில்லை, தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு ஏறினார். மறுநாள் மத்தியானம் அவரிடமிருந்து செய்தி வந்தது. சாப்பிட்டீர்களா என்று அதில் கேட்கவில்லை.

என் கோபம் யாரைத் தேடிப் போயிருக்க வேண்டும் என்று இன்று எனக்குத் தெரியும். வான் போன அன்றைக்கே அது பக்கத்திலிருந்த, திருப்பி அடிக்க மாட்டார் என்று தெரிந்த ஆளைத் தேடிப் போனது. வாசலில் வைத்து ஈரச்சாக்கைத் திட்டினேன். "எழுத்தெழுத்தா வாசிக்கிற ஆளுக்கு என்ன விளங்கும்? என்ட வாழ்க்கையக் குழப்பிட்டீங்க. இனி இந்தப் படலைக்குள்ள கால் வெக்கப்படாது" என்றேன். எங்கள் அம்மாவும் அப்பாவும் எழுத்தெழுத்தாகக்கூட வாசிக்கத் தெரியாதவர்கள். இரண்டு பேரும் அங்கேதான் நின்றார்கள்.

ஈரச்சாக்கு சாந்து பூசுகிற சாந்தகப்பையைக் கழுவிச் சைக்கிளில் கட்டினார். "சரி டீச்சர். சாக்க மட்டும் இன்னும் மூண்டு நாளைக்கு எடுக்காதீங்க" என்றார். போய்விட்டார்.

அந்த மூன்று நாளும் அப்பா என்னோடு பேசாமல் சாக்குக்குத் தண்ணீர் ஊற்றினார்.

பிறகு மூன்று வருடம் எங்கள் வீடு பாதி முகத்தோடு நின்றது. இடப்பக்கம் கீழே கறுப்பு, நாலு கல் இல்லாத ஓட்டையோடு. வலப்பக்கம் வெறும் செங்கல். தபால்காரர் விலாசம் பார்ப்பதை விட்டுவிட்டார். வந்த சம்பந்தங்களில் இரண்டு, "முகப்ப முடிச்சிட்டுச் சொல்லுங்க, வாறம்" என்று சொல்லிவிட்டுப் போயின. பெண்ணைப் பார்க்க வந்தவர்கள் சுவரைப் பார்த்துவிட்டுப் போவது பழகிவிட்டது. கச்சான் காலத்தில் கறுப்புப் பக்கத்து அறைக்குள் மனிதர் இருக்க முடியாது. அவர் சொன்னது அப்படியே நடந்தது. அதற்காகவும் அவர்மேல் எரிச்சல் வந்தது.

இந்த வருடம் மூன்றாவதாக ஒரு சம்பந்தக்காரர் அதே வாசகத்தைச் சொன்னார். கூடவே, "கறுப்பு இப்ப பழசு. சாம்பல் நிறம் அடிங்க" என்றார். நான் எழுந்து நின்று, "இது என்ட ஊடு. என்ன அடிக்கிறதெண்டு நான் பாத்துக்கொள்ளுறன். நீங்க போயிட்டு வாங்க" என்றேன். அவர் போனார், வரவில்லை. அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அப்பா அன்று இரண்டாம் தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த சனிக்கிழமை ஈரச்சாக்கைத் தேடிப் போனேன். மண்டூரில் வேலை என்றார்கள். படகேறி அக்கரைக்குப் போய், சாரக்கட்டில் ஏறி நின்றவரைக் கீழேயிருந்து கூப்பிட்டேன். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று வழி முழுக்க ஒத்திகை பார்த்திருந்தேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். ஆளை அடையாளம் தெரியவில்லை. பிறகு முகம் மலர்ந்தது.

"கறுப்புக் கல்லு! இடப்பக்கம் பாதி! அந்த நாலு கல்லும் மறுகா ஒட்டினீங்களா?"

"இல்ல மேசன் அண்ணன். அண்டைக்கு நான் பேசினது..."

"எண்டைக்கு? கல்லப் பத்திரமா வெச்சிரிக்கீங்களா?"

என் வாழ்க்கையைக் குழப்பிய நாள் அவருக்கு நினைவிலேயே இல்லை. நாலு கல் மட்டும் நினைவிருந்தது. மூன்று வருடமாக நான் சுமந்த கோபத்துக்கும் வெட்கத்துக்கும் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

"கல்லெல்லாத்தையும் கழட்டுங்க. எனக்கு மஞ்சள் வேணும்" என்றேன். "விளைஞ்ச வட்டை மாதிரி நல்ல மஞ்சள். முழுக்கச் சீமெந்துப் பலகை, குறுக்கால. யன்னலச் சுத்தியும் கூரை விளிம்புக்கும் கடும் பச்சை."

சாரக்கட்டில் நின்றவருக்குக் கால் தடுமாறியது. "ஐயோ டீச்சர், பஸ் ஸ்ராண்ட் மாதிரி இரிக்கும்."

"இரிக்கட்டும்."

"எல்லாரும் சிரிப்பாங்க."

"ஊடு ஆர்ர பேர்ல?"

"உங்கட பேர்ல."

"அப்ப?"

"மெய்தான்" என்று தலையைச் சொறிந்தார். "ஆனா பலகைக்குச் சாக்குத் தேவைப்படாதே" என்றார் கவலையோடு. அடியில் கட்டும் சீமெந்துக் கரைக்குச் சாக்குப் போடலாம் என்று நான் சொன்ன பிறகுதான் தெளிந்தார்.

இப்போது வேலை முடிந்துவிட்டது. கல்லடிப் பக்கமிருந்து வருகிற என் சிநேகிதி ஒருத்தி, வீட்டைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டாள். பஸ் ஸ்ராண்ட் மாதிரித்தான் இருக்கிறது. பள்ளி விட்டு வளைவில் திரும்பும்போது அந்த மஞ்சள் கண்ணில் பட்டதும் எனக்கு நடை தானாக வேகமெடுக்கிறது.

ஈரச்சாக்கு இப்போது அடுத்த தெருவில் ஒரு மதில் கட்டுகிறார். பின்னேரம் வேலை முடிந்து போகும்போது எங்கள் படலையில் சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே வருவார். யாரையும் சுகம் விசாரிப்பதில்லை. சீமெந்துக் கரையைக் கையால் தடவி, விரலால் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவார். அந்த நேரத்துக்கு நான் ஒரு கோப்பைத் தேத்தண்ணி ஊற்றி எங்கள் மதிலில் வைத்துவிடுகிறேன். ஆறிப்போயிருந்தாலும் கவனிக்காமல் குடிக்கிற ஆள்தான். நான்தான் ஆறவிடுவதில்லை.